பால் கொடுக்கிற காலத்தில் சருமப் பராமரிப்பு: எதைப் பூசலாம், எங்கே பூசக்கூடாது

மார்ச் 2, காலை (வாசகியின் கேள்வி)

பிரசவமாகி ஆறு வாரம். கடை க்ரீம் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். தேன், கற்றாழை, எலுமிச்சை, தேங்காய் எண்ணெய் இந்த நாலும் இருந்தால் முகம், வயிறு, மார்பு எல்லாவற்றுக்கும் போதும் என்கிறேன். இயற்கையான பொருள் பாலில் கலக்காது, குழந்தைக்கும் ஒன்றும் செய்யாது. சரிதானே?

மார்ச் 2, இரவு

சரியில்லை. தோலில் பூசியது ரத்தத்தில் இறங்கி, அங்கிருந்து பாலுக்குப் போவது பெரும்பாலான பொருட்களில் ரொம்பச் சொற்பம். பயப்பட வேண்டிய வழி அது இல்லை. காம்பில் பூசியதைக் குழந்தை நேராக விழுங்குகிறது; நெஞ்சிலும் தோளிலும் பூசியதில் முகத்தைத் தேய்க்கிறது. அதனால் இயற்கையா செயற்கையா என்று பிரிப்பதைவிட உடம்பை மூன்றாகப் பிரித்துக்கொள்வது உபயோகம்.

ஒன்று, குழந்தையின் வாய் படும் இடம்: காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும். இரண்டு, குழந்தையின் முகமும் கையும் உரசும் இடம்: மார்பு, கழுத்து, தோள், முழங்கையின் உள்மடிப்பு. மூன்று, மிச்சமெல்லாம்.

இப்போது உங்கள் நாலையும் இதில் பொருத்திப் பாருங்கள்.

தேன்: முதல் இரண்டு இடத்திலும் கூடவே கூடாது. தேனில் போட்டுலிசம் என்ற நஞ்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர் குடல் அதைச் சமாளித்துவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சு சுரக்கும். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சுத்தத் தேன், காட்டுத் தேன் என்பதெல்லாம் இந்த விஷயத்தில் செல்லாது.

கற்றாழை: மூன்றாவது இடத்துக்கு நல்லது. மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலில் அலோயின் இருக்கிறது. அது பேதி மருந்து, தோலையும் அரிக்கும். வெட்டிய முனை கீழே இருக்கும்படி பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைத்து வடியவிட்டு, தோல் சீவி, உள்ளே இருக்கும் கூழைக் கழுவி எடுங்கள். காம்பில் வேண்டாம். கசப்புக்கே பாதிக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

எலுமிச்சை: எங்கேயும் வேண்டாம். தனியாக எழுதுகிறேன்.

தேங்காய் எண்ணெய்: கைகால், வயிறு, முதுகுக்குத் தாராளமாக.

மார்ச் 3

எலுமிச்சை. சாற்றின் பிஎச் (அமில-கார அளவு) இரண்டை ஒட்டியது. தோலின் இயல்பான பிஎச் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள். இந்த வித்தியாசத்தால் எரிச்சல் வருவது ஒரு பக்கம். பெரிய வில்லங்கம், சாற்றிலும் பழத்தோலிலும் இருக்கும் ஃப்யூரோகூமரின் என்ற வகைப் பொருள். அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து கொப்புளிக்கும், ஆறியபின் பழுப்புக் கோடாக வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் நிற்கும். கருமை போகத்தான் பூசுகிறோம், கிடைப்பது கூடுதல் கருமை. சமையல் சோடாவும் இதே தப்பு, திசை மட்டும் எதிர்ப்பக்கம்: அது காரம்.

மார்ச் 3, சற்றுப் பின்

மஞ்சள் ஏன் பட்டியலில் இல்லை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முகத்துக்குப் போடலாம், ஒவ்வாமை இல்லையென்றால். நிறம் தூக்கலாகத் தெரிய ஈயக் குரோமேட் கலந்த பொடிகள் பிடிபட்டிருக்கின்றன. அதனால் கிழங்கு வாங்கி அரைத்துக்கொள்வதே மேல். குழந்தை வாய் வைக்கும் இடத்தில் பொடி என்ற பேச்சே வேண்டாம்.

மார்ச் 5

காம்பு வெடிப்புக்கு எந்த எண்ணெய் என்று இதற்குள் ஏகப்பட்ட பேர் கேட்டாயிற்று. எண்ணெய்க்கு முன்னால் வெடிப்பு ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். முக்கால்வாசி நேரம் காரணம் குழந்தை பிடிக்கும் விதம்தான்.

பால் குடித்து விட்டதும் காம்பைப் பாருங்கள். வாய்க்குள் போனபோது இருந்த மாதிரியே உருண்டையாக வெளியே வந்தால் பிடி சரி. புது லிப்ஸ்டிக் முனை போல ஒரு பக்கம் சரிந்து நசுங்கி வந்தால், குழந்தை காம்பை மட்டும் கவ்வி அண்ணத்தில் அழுத்துகிறது என்று அர்த்தம். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, முகவாய் மார்பில் பதியும்படி, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி கூடுதலாக வாய்க்குள் போகும்படி கொடுக்க வேண்டும். வலித்தால் அப்படியே இழுத்து எடுக்காதீர்கள். சுண்டு விரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்து உறிஞ்சலை விடுவித்துவிட்டு மறுபடி பிடிக்க வையுங்கள். இதைச் சரிசெய்யாமல் பூசும் களிம்பு எதுவும் நிலைக்காது, அடுத்த வேளை பாலில் மறுபடி கிழியும்.

பிறகு பூச்சு.

கருவட்டத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும், மான்ட்காமரி சுரப்பிகள். அந்த இடத்துக்கான எண்ணெயை அவையே சுரக்கின்றன. அதன் வாசம் குழந்தைக்கு வழிகாட்டியும் கூட. சோப்புப் போட்டுக் கழுவினால் இரண்டும் போச்சு. குளிக்கும்போது வெறும் தண்ணீர் படட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் கழுவுவது வறட்சியைத்தான் கொண்டுவரும்.

பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலைப் பிழிந்து தடவிக் காற்றில் உலரவிடலாம். பூஞ்சை இருந்தால் மட்டும் இது வேண்டாம்.

வெடிப்பு விட்டிருந்தால் உப்பு நீர்: 240 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. சின்னக் கிண்ணத்தில் எடுத்து, குனிந்து, காம்பு மூழ்கும்படி ஒரு நிமிடம். பிறகு வெறும் நீரில் அலசி, துணியால் ஒற்றி எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்க வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று உப்பைக் கூட்டினாலோ பத்து நிமிடம் ஊறவிட்டாலோ தோல் காய்ந்து வெடிப்பு ஆழமாகும்.

அதன் மேல் சுத்திகரித்த லேனோலின். பட்டாணியில் பாதி அளவு போதும். ட்யூபிலிருந்து வருவது கெட்டியாகப் பிசின் மாதிரி இருக்கும். விரல் நுனிகளுக்கிடையே வைத்து உருக்கி ஒற்ற வேண்டும், தேய்த்தால் புண்ணை இழுக்கும். பால் கொடுக்கும் முன் துடைக்கத் தேவையில்லை. ஆட்டு ரோமத்திலிருந்து எடுப்பது என்பதால் கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்கவும்.

காயவிட்டால்தான் ஆறும் என்பது பழைய எண்ணம். பொருக்குக் கட்டினால் அடுத்த வேளை அது பிய்ந்து ரத்தம் வரும். ஈரப்பதம் உள்ளேயே நிற்க வேண்டும், மேலே சொதசொதவென்று இருக்கக் கூடாது. கசியும் பாலை உறிஞ்ச உள்ளாடைக்குள் வைக்கும் மார்புப் பட்டை நனைந்ததும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் அடித்தாள் உள்ளவை வியர்வையையும் அடைத்துவைக்கும்.

மார்ச் 6

“லேனோலினுக்குப் பதில் வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துப் போடலாமா?” வேண்டாம். ஒவ்வொரு வேளையும் குழந்தை அதை விழுங்கும், அது கொழுப்பில் கரைகிற வைட்டமின், உடம்பில் சேரும். கடலை எண்ணெயும் பாதாம் எண்ணெயும் இந்த இடத்துக்கு ஆகாது, ஒவ்வாமைக் கவலை உண்டு.

மார்ச் 6, இரவு

கூடாதவை பட்டியலில் கட்டாயம் சேர்க்க வேண்டியது: பச்சைக் கற்பூரம், கற்பூரத் தைலம், மென்தால், புதினா எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய். இவற்றை முதல் இரண்டு இடத்திலும் வைக்கக் கூடாது. கற்பூரம் குழந்தையின் உடம்பில் போனால் வலிப்பு வரை இழுத்துவிடும். மென்தால் ஆவி கைக்குழந்தையின் மூச்சுக் குழலைச் சட்டென்று சுருக்கி மூச்சையே தடுக்கலாம். சளிக்கு நெஞ்சில் தேய்க்கும் தைலமும் இதில் அடக்கம். தாய்க்குத்தானே சளி என்று நெஞ்சில் தேய்த்துக்கொண்டு பால் கொடுக்க உட்கார்ந்தால் குழந்தையின் மூக்கு சரியாக அங்கேதான் இருக்கும்.

வாசனை எண்ணெய் வேண்டும் என்பவர்கள் முழங்காலுக்குக் கீழே ஒரு சதவீதக் கரைசலில் நிறுத்திக்கொள்ளுங்கள்: 30 மில்லி தாங்கு எண்ணெய்க்கு (வாசனை எண்ணெயைக் கலந்துகொள்ளும் சாதா எண்ணெய்) ஏறத்தாழ ஆறு சொட்டு.

மார்ச் 9

காம்பு வலி எல்லாம் ஒரே வலி இல்லை. மார்ச் 5-இல் பிடியைப் பற்றி மட்டும் சொன்னது போதாது என்று தோன்றுகிறது, ஏனென்றால் மற்ற இரண்டு வலிக்கும் லேனோலின் வேலை செய்யாது.

பிடி சரியில்லாத வலி: குழந்தை கவ்வும்போது உச்சம், குடிக்கக் குடிக்கக் குறையும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியும்.

பூஞ்சை வலி: நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிறகு திடீரென்று வரும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதை அடுத்து. எரிச்சல், பால் கொடுத்து முடித்த பிறகும் நிற்காது. காம்பு பளபளப்பான இளஞ்சிவப்பாக, மெல்லிய செதிலோடு இருக்கும். குழந்தையின் நாக்கிலும் கன்ன உட்புறத்திலும் வெள்ளைத் திட்டு, துடைத்தால் போகாது. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் பூஞ்சையைக் கொல்லும் என்று படித்துவிட்டு அதை மட்டும் தடவி நாளைக் கடத்தாதீர்கள். பட்டைகள், பால் எடுக்கும் பம்பின் பாகங்கள், குழந்தையின் சூப்பான் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும்.

ரத்தக்குழாய் சுருங்கும் வலி: பால் கொடுத்து முடித்ததும் காம்பு வெளுத்து, நீலம் பாய்ந்து, பிறகு சிவக்கும். கூடவே குத்தல். குளிரில் அதிகம். இதற்குப் பூச்சே தேவையில்லை, சூடுதான் தேவை: குழந்தை வாயை எடுத்த அந்த நொடியே உலர்ந்த கதகதப்பான துணியால் மூடுங்கள். இவர்கள் காற்றாட விடுகிறேன் என்று திறந்து வைத்தால் வலி கூடும்.

நாலாவதும் உண்டு, அபூர்வம். ஒரே பக்கக் காம்பில் மட்டும் சொறி மாதிரிச் செதிலும் கசிவும் வந்து, பிடி சரிசெய்தும் மருந்து போட்டும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மார்பகப் புற்றில் ஒரு வகை இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மார்ச் 10

பால் கட்டிச் சிவந்திருந்தால் எண்ணெய் போட்டு அழுத்தி நீவலாமா? நீவாதீர்கள். உள்ளே வீக்கம் இருக்கிற திசுவைப் பிசைந்தால் வீக்கம் கூடும். குளிர்ந்த துணி வைத்து, வழக்கம்போலப் பால் கொடுத்துக்கொண்டிருங்கள். காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் இந்தக் குறிப்பையெல்லாம் மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மார்ச் 14

மங்கு. கன்னம், நெற்றி, மேலுதட்டில் கர்ப்பத்தின்போது வந்த கருமை. ஹார்மோன் அடங்க அடங்க நிறையப் பேருக்குத் தானாகவே மங்கும், சில மாதம் எடுக்கும். அதுவரை அதைக் கிளறாமல் இருப்பதே பாதி வேலை.

கிளறுவது வெயில். வெளியே போவதில்லையே என்பவர்களுக்கு: ஜன்னல் கண்ணாடி புற ஊதா ‘பி’ கதிரைத்தான் தடுக்கிறது, ‘ஏ’ கதிரும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் உள்ளே வரும். தினமும் அதே நாற்காலியில், அதே பக்கம் ஜன்னலுக்குக் காட்டிப் பால் கொடுப்பவருக்கு அந்தக் கன்னம் மட்டும் கூடுதலாகக் கறுக்க வாய்ப்புண்டு. நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள், செலவில்லாத சிகிச்சை.

சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளது, எஸ்பிஎஃப் 30 அல்லது மேல். இவை தோலின் மேலேயே நிற்பவை. மங்குக்கு நிறம் சேர்த்த வகை நல்லது, அதில் இருக்கும் அயர்ன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். பெரும்பாலானோர் போடுவது அதில் பாதிகூட இல்லை, அதனால்தான் “போட்டும் பயனில்லை”. வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி.

வீட்டில் ஜிங்க் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து சன்ஸ்கிரீன் செய்வது பற்றி: செய்யாதீர்கள். பொடி கட்டிகட்டியாக நிற்கும், இடையில் தோல் வெறுமையாக இருக்கும். கண்ணுக்கு வெள்ளையாகப் பரவினது போல் தெரியும், அதுவே ஆபத்து.

மங்கலாக்கும் பொருட்களில் அசிலாயிக் அமிலம் பால் கொடுக்கும்போது பொதுவாக ஏற்கப்படுவது. தானியங்களில் இயல்பாக இருப்பது, பருவுக்கும் சேர்த்து உதவும். முதல் இரண்டு வாரம் ஊறலும் எரிச்சலும் இருக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். நயசினமைடும் (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) வைட்டமின் சி-யும் பரவாயில்லை. ஹைட்ரோகுயினோன் வேண்டாம், பூசியதில் கணிசமான பங்கு ரத்தத்தில் இறங்கிவிடும்.

மார்ச் 15

“அசிலாயிக் அமிலம் செயற்கையாச்சே!” ஆலையில் செய்வதுதான். மார்ச் 2-இல் எழுதியதை மறுபடி படிக்கவும். தேன் இயற்கை.

மார்ச் 17

சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினாலுக்கு (வைட்டமின் ஏ வகை) பதில் பகுச்சியால். கார்போகரிசி விதையிலிருந்து பிரித்தெடுப்பது. பால் கொடுப்பவர்களிடம் செய்த ஆய்வுகள் குறைவு. முகத்தோடு நிறுத்திக்கொண்டு, குழந்தையைக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும் முன் உலரவிட வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு விதையையே அரைத்துப் போட வேண்டாம். பிரித்தெடுத்த பகுச்சியாலில் நீக்கப்பட்டிருக்கும் சோரலின் முழு விதையில் இருக்கிறது. வெயில் பட்டால் எலுமிச்சைக் கதையேதான், இன்னும் காட்டமாக.

மார்ச் 21

வறட்சி. பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் சரிவதால் தோல் காய்வது இயல்பு. தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்து இதைச் சரிக்கட்ட முடியாது. தாகத்துக்குக் குடித்தால் போதும், அதற்கு மேல் போனால் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடைதான் மிச்சம்.

அரிப்போடு கூடிய வறட்சிக்கு ஓட்ஸ் குளியல் அருமையானது. ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள். ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி வெளுக்க வேண்டும், அடியில் மணலாகப் படிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். நாலு டேபிள்ஸ்பூன் மாவை மெல்லிய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, வெதுவெதுப்பான ஒரு வாளி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிழியுங்கள். வழுவழுவென்று வரும். கடைசியில் அந்த நீரை ஊற்றிக்கொண்டு ஒற்றித் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே, எண்ணெயோ களிம்போ பூசிவிட வேண்டும். முழுக்க உலர்ந்த பிறகு பூசினால் பூட்டிவைக்க உள்ளே ஈரமே இருக்காது. குளியலறைத் தரை பயங்கரமாக வழுக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

மார்ச் 22

களிம்பு செய்முறை கேட்டதற்கு. மூன்றாவது இடத்துக்கு மட்டும், முக்கியமாக டயபர் மாற்றி மாற்றிக் கை கழுவிக் கழுவி வெடித்துப்போன விரல்களுக்கு.

தேன்மெழுகு 20 கிராம், ஷியா வெண்ணெய் 30, ஜொஜோபா அல்லது சூரியகாந்தி எண்ணெய் 50. எல்லாம் எடை, கரண்டிக் கணக்கு வேண்டாம். மெழுகையும் எண்ணெயையும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், பொறுமை வேண்டும். இறக்கிவைத்து ஷியாவைச் சேர்த்துக் கிளறி, டப்பாவில் ஊற்றி உடனே ஃப்ரிட்ஜில். மெல்ல ஆறவிட்டால் ஷியா ரவை ரவையாகத் திரிந்துபோகும்; அப்படி ஆனால் மறுபடி உருக்கிச் சட்டென்று குளிரவையுங்கள். கெட்டியாகத் தோன்றினால் அடுத்த முறை மெழுகு 16.

டப்பாவிலும் கரண்டியிலும் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. தண்ணீர் இல்லாத வரைக்கும்தான் இது கெடாமல் இருக்கும். கற்றாழையைச் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று எல்லோருக்கும் தோன்றும். கற்றாழை முழுக்கத் தண்ணீர். காப்புப் பொருள் இல்லாமல் சில நாளில் கிருமிப் பண்ணை ஆகிவிடும், அதுவும் வெடித்த தோலில் தடவுவதற்கு. கற்றாழைக் கூழைத் தனியாக எடுத்து, ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

மார்ச் 22, இரவு

தேன்மெழுகுக் களிம்பைக் காம்புக்குப் போடலாமா என்ற கேள்வி வருவதற்குள்: வேண்டாம். தேனோடு கிடந்த மெழுகு அது. லேனோலின் இருக்கும்போது இந்த யோசனை எதற்கு.

மார்ச் 24

தேங்காய் எண்ணெயை “தாராளமாக” என்று மார்ச் 2-இல் சொன்னது கைகால், வயிறு, முதுகுக்கு. முகத்துக்கு அல்ல. பருவுக்கு வாகான முகத்தில் துளைகளை அடைக்கும். முகத்துக்கு ஜொஜோபா மூன்று நாலு சொட்டு, ஈர முகத்தில். ஆலிவ் எண்ணெயை மட்டும் நான் எந்த இடத்துக்கும் சொல்வதில்லை: அதில் மிகுந்திருக்கும் ஓலியிக் அமிலம் தோலின் தடுப்பைக் குலைக்கும், தாய்க்கும் குழந்தைக்கும்.

வயிற்று வரித்தழும்பு எதனாலும் மறையாது, எண்ணெயால் நிச்சயமாக இல்லை. சிவப்பு தானாக வெளுத்து வெள்ளிக் கோடாகும். தடவினால் அரிப்பு குறையும், அதற்காகத் தடவுங்கள்.

மார்ச் 28

மார்புக்கு அடியில் சிவந்து எரிகிறது என்பவர்களுக்குக் களிம்பு எதிரி. அங்கே ஈரமும் உராய்வும்தான் நோய். துணியால் ஒற்றி, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்தி, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மட்டும் மெல்லிய படலமாகப் பூசி, மடிப்புக்கு நடுவே பருத்தித் துண்டு ஒன்றை வையுங்கள். டால்கம் பவுடர் வேண்டாம், பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும். சிவப்பின் ஓரத்தைத் தாண்டிச் சின்னப் புள்ளிகள் சிதறியிருந்தால் பூஞ்சை. கிளோட்ரிமசோல் களிம்பு தேவைப்படும், பால் கொடுக்கும்போது போடலாம்.

சிசேரியன் தழும்பில் முழுதாக மூடி ஆறும்வரை எதுவும் பூசக் கூடாது. ஆறியபின் சிலிக்கான் தாள், தினம் பன்னிரண்டு மணி நேரம், இரண்டு மூன்று மாதம்.

ஏப்ரல் 2

முடி கொட்டுவதற்கும் இங்கேயே பதில் கேட்கிறார்கள். பிரசவமாகி இரண்டிலிருந்து நாலு மாதத்தில் கொட்டத் தொடங்கும். கர்ப்பத்தில் கொட்டாமல் தங்கியது மொத்தமாகக் கணக்குத் தீர்க்கிறது, எந்த எண்ணெயும் நிறுத்தாது. ஒரு வருடத்துக்குள் நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது படபடப்போ அளவு மீறிய சோர்வோ கூட இருந்தால், தைராய்டும் இரும்புச் சத்தும் பார்க்க வேண்டும்.

இதைவிட அவசரம் வேறு: கொட்டிய முடி குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுகிக்கொள்ளும். காரணம் தெரியாமல் வீறிட்டு அழுகிற குழந்தைக்கு சாக்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பாருங்கள். வீக்கத்துக்கு நடுவே முடி புதைந்து கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். விரல் சிவந்து வீங்கி, ஒரு கோடு மாதிரிப் பள்ளம் தெரிந்தாலே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். ஆண் குழந்தையென்றால் குறியையும் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 3

புதிதாக எதைத் தொடங்கினாலும் முழங்கை உள்மடிப்பில் காசளவு இடத்தில் காலை மாலை, ஏழு நாள் பூசிப் பாருங்கள் என்று இதுவரை சொல்லவில்லை. குழந்தையின் தலை எந்தக் கையில் சாய்கிறதோ, அதற்கு மறு கையில்.